சாவியும் அட்வான்ஸும் ஒரே நாளில் கை மாறட்டும்

சென்னையில் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலையில் குடியிருப்புப் பகுதி எதிலாவது நடந்து பாருங்கள். தெருவுக்கு ஒரு வாசலிலாவது குட்டியானை வண்டி பின்பலகையை இறக்கிக்கொண்டு நிற்கும். பீரோவை நாலு பேர் படிக்கட்டில் சாய்த்து இறக்குவார்கள். வீட்டுப் பெண் ஒரு கையில் சாமி படத்தையும் இன்னொரு கையில் மிக்சியையும் பிடித்தபடி என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பாள். ஊர் முழுக்க அதே நாளில், அதே நேரத்தில் வீடு மாறுகிறது. வாடகை 1-ஆம் தேதி தொடங்கி 30-ஆம் தேதி முடிவதுதான் காரணம். பழைய வீட்டுக்காரருக்கு 30-ஆம் தேதிக்குள் வீடு காலியாக வேண்டும். புது வீட்டுக்காரர் 1-ஆம் தேதிதான் சாவி தருவார். நடுவில் மூச்சு விட ஒரு நாள் கிடையாது.

வீடு மாறுவதில் உள்ள துன்பத்தில் பெரும்பகுதி இந்த ஒரே நாள் நெருக்கடியால் வருவது. அட்டைப்பெட்டி, டேப், லோடுமேன் கூலி எல்லாம் அதற்குப் பிறகுதான். ஒரு குடும்பத்தின் கையில் ஒரு வாரம், ஐந்து நாளாவது, இரண்டு வீட்டுச் சாவியும் சேர்ந்தாற்போல் இருந்துவிட்டால், மிச்ச வேலையைப் பெரும்பாலான வீடுகளில் பெண்களே பதறாமல் முடித்துவிடுவார்கள். அந்த ஒரு வாரம் ஏன் கிடைப்பதில்லை என்பதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணமாகி வந்த நாள் முதல் வாடகை வீடுதான். ஓட்டேரியில் பொதுக் குழாய் உள்ள ஸ்டோர் வீடு, அயனாவரத்தில் மாடிப் போர்ஷன், பெரம்பூர், இப்போது கொளத்தூர். வேலை பார்த்த காலத்தில் எலும்பு முறிவு வார்டில் நெடுநாள் இருந்தேன். வீடு மாறுவதைப் பற்றி எனக்கு அழுத்தமான கருத்து உண்டானது அங்கேதான்.

எழுபது, எண்பது வயதுள்ளவர்கள் தொடை எலும்பு முறிந்து வருவார்கள். எப்படி விழுந்தார் என்று கேஸ் ஷீட்டுக்காகக் கேட்போம். "ராத்திரி பாத்ரூம் போக எழுந்தாங்க, சிஸ்டர்" என்பார்கள். இன்னும் கொஞ்சம் கேட்டால், "போன வாரம்தான் இந்த வீட்டுக்கு வந்தோம்" என்று வரும். இருபது வருடமாக ஒரே கட்டிலில் படுத்தவருக்கு, எழுந்ததும் இடதுபக்கம் திரும்பி நாலு எட்டு வைத்தால் பாத்ரூம் என்பது தூக்கத்திலும் காலுக்குத் தெரியும். புது வீட்டில் அந்த இடத்தில் சுவர் இருக்கும், அல்லது ஒரு படி கீழே இறங்கும். ஸ்விட்ச் எங்கே என்று தெரியாது. பிரிக்காத மூட்டை வழியில் கிடக்கும். அந்த வயதில் இடுப்பு எலும்பு முறிந்தால் பலர் பழைய நடைக்குத் திரும்புவதே இல்லை. விழாதவர்களுக்கும் சிரமம் உண்டு. முதல் சில ராத்திரிகளில் தூக்கம் கெட்டு, இடம் புரியாமல், "என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். மறதி நோய் தொடங்கியவர்களுக்கு இது இன்னும் கடுமை.

அதனால் போன முறை மாறியபோது என் மாமியாருக்காக ஒரு விஷயத்தில் விடாப்பிடியாக நின்றேன். சாமான் போவதற்கு முன்பே அவரைச் சில மதியங்கள் புது வீட்டுக்கு ஆட்டோவில் கூட்டிப்போய் உட்கார வைத்தேன். ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தார், பக்கத்து வீட்டம்மாவிடம் ஊர் கேட்டார், வெற்றிலை போட்டார். அவருடைய கட்டிலைப் பழைய வீட்டில் இருந்த மாதிரியே, எழுந்தால் அதே பக்கம் கால் இறங்கும்படி போடச் சொன்னேன். பாத்ரூமில் கைப்பிடிக் கம்பி, வழியில் ஒரு ராத்திரி விளக்கு, அவருடைய முருகர் படம், டிரான்சிஸ்டர் எல்லாம் முதல் நாளே அங்கே போய்விட்டன. முதல் ராத்திரியே நன்றாகத் தூங்கினார். இதில் எதுவும் செலவு பிடிக்கிற காரியம் இல்லை. ஆனால் புது வீட்டுச் சாவி முன்கூட்டியே கையில் இருந்தால்தான் செய்ய முடியும். அந்த வீட்டுக்காரர் நல்லவர், முன் வாரமே கொடுத்தார். நல்லவர் கிடைத்தால் நடக்கும், இல்லாவிட்டால் நடக்காது என்பதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

காலி வீட்டில் செய்ய வேண்டிய வேலை எவ்வளவு இருக்கிறது! பீரோ வந்து நின்ற பிறகு அதன் பின்சுவரை யார் கழுவ முடியும்? அடுப்படி மேடையில் எண்ணெய்ப் பிசுக்கை எடுத்து, அலமாரியில் பேப்பர் விரித்து, ஜன்னலுக்குக் கொசுவலை அடித்து, குழாயெல்லாம் திறந்து பார்த்து, எங்கே தண்ணீர் ஒழுகுகிறது என்று பிளம்பருக்குச் சொல்லி, ஃபிரிட்ஜுக்கும் கீசருக்கும் சரியான பிளக் பாயின்ட் இருக்கிறதா என்று பார்த்து வைக்க வேண்டும். காலை ஆறரை மணிக்கு எல்லா வீட்டிலும் குழாய் திறந்திருக்கும் நேரத்தில் மூன்றாம் மாடிக்குத் தண்ணீர் எப்படி ஏறுகிறது என்பது, சாயங்காலம் புரோக்கருடன் போய் ஐந்து நிமிடம் பார்த்தால் தெரியாது.

நம் பெரியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. நல்ல நாள் பார்த்து முதலில் பால் காய்ச்சுவார்கள். உப்பு, மஞ்சள், அரிசி, நிறைகுடம் கொண்டுபோய் வைத்து விளக்கேற்றிவிட்டு வருவார்கள். சாமான்கள் பிறகு மெதுவாகப் போகும். ஆடி பிறப்பதற்குள் பால் காய்ச்சிவிட்டு ஆடியில் சாமானை நகர்த்துகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இரண்டு வீடும் சில நாள் கையில் இருந்தால்தான் அந்த வழக்கத்துக்கே இடமுண்டு. இப்போது விடியற்காலை நாலரை மணிக்குப் பால் பொங்கி, ஆறு மணிக்கு வண்டி வந்து, மத்தியானம் பழைய வீட்டைப் பெருக்கிச் சாவி கொடுத்து, ராத்திரி மூட்டைகளுக்கு நடுவில் பாய் விரித்துப் படுக்கிறோம். ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலோர் மாறுவதில்லை என்பதால் ஆனிக் கடைசியிலும் தை பிறந்ததும் வண்டிக்கும் ஆளுக்கும் ஒரே அடிபிடி. கூலியும் அதற்கேற்ப ஏறும்.

ஒரு வாரம் சேர்த்து வாடகை கொடுக்க முடியாதா என்று கேட்கலாம். 12,000 ரூபாய் வாடகை என்றால் ஏழு நாளுக்கு 2,800 ரூபாய். சிரமம்தான், ஆனால் அவசரத்தில் உடைகிற, தொலைகிற, கூடுதல் கூலியாகப் போகிற பணத்தைக் கணக்குப் பார்த்தால் பல குடும்பங்கள் அதைக் கொடுக்கத் தயார். வாடகையைவிடப் பெரிய முட்டுக்கட்டை அட்வான்ஸ்.

புது வீட்டுக்கு அட்வான்ஸ் முன்னாலேயே கட்ட வேண்டும். பழைய வீட்டு அட்வான்ஸ் காலி செய்த பிறகுதான் வரும், அதுவும் தவணையாக வரும். அதே 12,000 ரூபாய் வாடகைக்கு ஐந்து மாத அட்வான்ஸ் என்றால் 60,000 ரூபாய். இந்தப் பணம் இரண்டு வீட்டுக்கும் ஒரே நேரத்தில் எங்கிருந்து வரும்? பெண்களின் கழுத்திலிருந்தும் காதிலிருந்தும் வருகிறது. அடகுக்கடைக்குப் போகிற நகைகளில் எத்தனையோ வீட்டு அட்வான்ஸாக மாறுகின்றன. என் பழைய தெருவில் தையல் வேலை செய்கிற ஒரு பெண், காலி செய்த வீட்டின் அட்வான்ஸ் கைக்கு வரும்வரை மூன்று மாதம் வளையலுக்கு வட்டி கட்டினாள். வந்த பணத்திலும் வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகையைக் கழித்திருந்தார்கள். எதற்கு எவ்வளவு என்று ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு, நில உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் சட்டத்தைத் தமிழ்நாடு 2017-இல் கொண்டுவந்தது. 2019 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது என்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக, பணத்தைத் திருப்ப வேண்டும் என்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்கிறது. எல்லாம் சரி. ஆனால் மூன்று மாத வரம்புக்கு முன்னால், வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் என்று ஒரு வரி இருக்கிறது. வீடு தேவைப்படுகிறவர் எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மறுக்க முடியும்? அந்த ஒரு வரி வரம்பையே தின்றுவிடுகிறது.

அந்த ஒரு மாத அவகாசமும் தவறு என்பது என் கருத்து. மத்திய அரசு 2021-இல் மாநிலங்களுக்கு அனுப்பிய மாதிரி வாடகைச் சட்டத்தில் குடியிருப்பு வீட்டுக்கு இரண்டு மாத வாடகைதான் அட்வான்ஸ் வரம்பு. காலி வீட்டை உரிமையாளர் கையில் வாங்கும் நாளிலேயே, பிடித்தம் போக மிச்சத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்றும் அது சொல்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பதும் உரிமையாளரின் பொறுப்பு என்று அதன் பட்டியலில் இருக்கிறது. "அன்றைய தினமே" என்ற அந்த விதியைத் தமிழ்நாடு நம் சட்டத்தில் சேர்க்க வேண்டும். ஒரு மாதம் என்பது வாடகைக் குடும்பத்துக்கு ஒரு மாத வட்டி.

வீட்டுக்காரர்கள் எல்லோரும் கல்நெஞ்சர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. சென்னையில் மேல்மாடியை வாடகைக்கு விட்டிருப்பவர்களில் பலர் ஓய்வுபெற்றவர்கள், அந்த வாடகையில் மருந்து வாங்குகிறவர்கள். அவர்கள் வாங்கிய அட்வான்ஸ் மகள் கல்யாணத்திலோ மாடி கட்டியதிலோ எப்போதோ கரைந்திருக்கும். அடுத்த குடித்தனக்காரர் கொடுக்கிற அட்வான்ஸை வாங்கித்தான் நமக்குத் தர முடியும். அந்த அடுத்தவரும் தன் பழைய வீட்டுப் பணத்துக்காகக் காத்திருப்பார். இப்படி ஒருவர் பணத்துக்கு இன்னொருவர் காத்திருக்கும் சங்கிலியில் ஊரே மாட்டிக்கொண்டிருக்கிறது. அட்வான்ஸ் சிறிதாக இருந்தால்தான் இது அறும். பத்து மாத வாடகையை வாங்கியவர் அதைச் செலவழிக்காமல் வைத்திருப்பது கடினம். இரண்டு மூன்று மாத வாடகை என்றால் வங்கியில் ஒரு வைப்புநிதியாகப் போட்டுவிட்டு, ஆள் காலி செய்கிற அன்று எடுத்துக் கொடுக்கலாம்.

உரிமையாளரின் பயங்களும் உண்மையானவை. கரன்ட் பில் பாக்கி விட்டுப் போய்விடுவார்களோ, கதவு தாழ்ப்பாள் உடைந்திருக்குமோ, வாஷ்பேசின் விரிசல் விட்டிருக்குமோ என்று நினைப்பார். இதற்கு ஒரு மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. காலி செய்வதற்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பு இரண்டு பேரும் சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்து, என்ன பழுது, யார் செய்வது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடலாம். மின்வாரியம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் கணக்கெடுக்கும், அந்தப் பில் வரட்டும் என்றுதான் பல இடங்களில் பணம் நிற்கிறது. சாவி கொடுக்கிற அன்று மீட்டரைப் போட்டோ எடுத்து, வாரியத்தின் இணையதளத்தில் உள்ள கணக்கீட்டில் யூனிட்டைப் போட்டால் எவ்வளவு என்று அப்போதே தெரிந்துவிடும். குடிவரும் நாளிலும் இதே போட்டோக்களை எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். சுவரில் முன்பே இருந்த ஈரக்கறை நம் தலையில் விழாது.

மூட்டை கட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பழக்கம் உண்டு. பரணில் இருப்பதை முதலில் இறக்கிப் பாதியைக் காயலான் கடைக்கு அனுப்புங்கள். கண்ணாடிச் சாமானுக்குப் பழைய காட்டன் புடவையும் வேட்டியும் போதும். பெட்டியின் மேல் அது புது வீட்டில் எந்த அறைக்குப் போக வேண்டும் என்று எழுதுங்கள், உள்ளே இருப்பதன் பெயர் இறக்குகிறவருக்கு உதவாது. கிரைண்டரில் குழவியைத் தனியே எடுத்துக் கட்டுங்கள். சிலிண்டரை வண்டியில் படுக்க வைக்க விடாதீர்கள், மூடி போட்டு நிமிர்த்திக் கட்ட வேண்டும். லோடுமேன்களிடம் எத்தனை மாடி, லிப்ட் உண்டா, பீரோ எத்தனை, ஏ.சி. கழற்ற வேண்டுமா என்று எல்லாவற்றையும் முன்பே சொல்லிக் கூலி பேசுங்கள். பாதியில் வந்து பேசுவது இரண்டு பக்கத்துக்கும் மனக்கசப்பு. கடும் உழைப்பு அவர்களுடையது. மே மாத வெயிலில் ஃபிரிட்ஜை முதுகில் கட்டிக்கொண்டு மூன்று மாடி ஏறுகிறவருக்கு மோரும் சாப்பாடும் நம் வீட்டுக் கணக்கில் இருக்க வேண்டும். வெளியூருக்கு மாறுகிறவர்கள் போனில் மட்டும் பேசி, மிகக் குறைந்த தொகை சொல்கிறவரிடம் சாமானை ஒப்படைக்காதீர்கள். வண்டி ஏற்றிய பிறகு இரண்டு மடங்கு கேட்டுச் சாமானை இறக்காமல் வைத்துக்கொள்ளும் கூட்டம் உண்டு. அலுவலகம் எங்கே இருக்கிறது என்று நேரில் பார்த்து, பில் வாங்கிய பிறகே பணம் கொடுங்கள்.

நர்ஸாக இன்னொன்று சொல்ல வேண்டும். மாத்திரை, பிரஸ்கிரிப்ஷன், பிரஷர் பார்க்கும் கருவி, கண்ணாடி, பல்செட், காதுக் கருவி இவை எதுவும் வண்டியில் ஏறக் கூடாது. ஒரு பையில் போட்டு வீட்டில் ஒருவர் தோளிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. மூடிய வண்டியில் வெயில் ஏறினால் மருந்து வீரியம் இழந்துவிடும். ஐஸ் மேலேயே வைத்து உறைந்துவிட்டாலும் அது பயன்படாது. துணியில் சுற்றிப் பிளாஸ்கிலோ குளிர்ப் பையிலோ வைத்து எடுத்துப் போக வேண்டும். மாறுகிற நாளின் அலைச்சலில் சாப்பாட்டு நேரம் தவறி, ஊசியும் போட்டுக்கொண்டு, சர்க்கரை இறங்கி மயங்கி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு வெளியே சமையல் சொல்லிவிடுவது ஆடம்பரம் இல்லை.

முகவரி மாற்றம் சலிப்பூட்டும் வேலை, ஆனால் தள்ளிப்போட்டால் பாதிப்பு பெரிது. ஊர் மாறினால் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் பழைய கேஸ் ஏஜென்சியிடம் ஒப்படைத்து, வைப்புத்தொகையையும் மாறுதல் ரசீதையும் வாங்கிக்கொள்ள வேண்டும். வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8. வாடகைக்காரர்கள்தான் அடிக்கடி இடம் மாறுகிறவர்கள், பட்டியலைத் திருத்தும்போது பெயர் விட்டுப்போகிற ஆபத்தும் அவர்களுக்கே அதிகம். ரேஷன் அட்டைக்கு முகவரி மாற்ற, ஆதாருக்கு மாற்ற, எல்லாவற்றுக்கும் ஆதாரம் கேட்பார்கள். வாடகை ஒப்பந்தத்தை முறையாகப் பதிந்துகொள்ள இதுவும் ஒரு காரணம். பதிவு வேண்டாம், சும்மா 11 மாத அக்ரிமென்ட் போதும் என்று சொல்கிற வீட்டுக்காரரிடம் பணிவாக, ஆனால் விடாமல் கேளுங்கள்.

அரசிடம் நான் கேட்பது இரண்டு திருத்தங்கள். அட்வான்ஸ் வரம்புக்கு ஒப்பந்தத்தால் விலக்கு அளிக்கும் வரி போக வேண்டும். ஒரு மாத அவகாசம் போய், சாவி வாங்கும் நாளிலேயே பணம் என்ற விதி வர வேண்டும். சட்டம் மாறும்வரை வீட்டுக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீடு காலியாகத்தான் கிடக்கிறது என்றால், வருகிற குடும்பத்துக்கு ஐந்து நாள் முன்னால் சாவியைக் கொடுங்கள். அந்த நாட்களுக்கு வாடகை வேண்டுமானால் வாங்கிக்கொள்ளுங்கள். போகிற குடும்பத்துக்கு, அவர்கள் நோட்டீஸ் கொடுத்த மாதத்திலேயே அட்வான்ஸில் பாதியைக் கொடுத்துவிடுங்கள். மீதியைச் சாவி வாங்குகிற அன்று, எழுதிய கணக்கோடு கொடுங்கள்.